முழுக்கோடு

அலுவலகத்தில் அவளுக்குக் குழியம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகைத் திருப்பினால் குழியம்மா. பூகம்பத்தில் நிலம் எங்கே பிளந்திருக்கும் என்று மோப்பம் பிடித்து, அங்கே ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, உள்ளே இறங்கிப் பதினெட்டு வருடமாகச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்களாம்? அதற்கெல்லாம் அவள் கோபப்படுகிறவள் இல்லை. வரைபடத்தில் கோடு தப்பினால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

அப்படி ஒரு குழியை, அவள் அக்கா தலைமையாசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்தை ஒட்டிய காலி மனையில் வெட்டும்படி ஆயிற்று. மூன்றாம் நாள், குழிச் சுவரை வழித்துச் சுத்தம் செய்தபோது தெரிந்தது. மேலே கறுப்பு மண், நடுவே கூழாங்கல், அடியில் மஞ்சள் களிமண். ஒழுங்காகப் படுத்திருந்த அடுக்குகள் ஓரிடத்தில் சட்டென்று அறுந்து, அந்தப் பக்கம் இறங்கித் தொடர்ந்தன. மடித்து வைத்த துணியை வெட்டி, ஒரு பாதியைக் கீழே இழுத்துவிட்டது போல. மேல் அடுக்கு ஒரு சாண் இறங்கியிருந்தது, அடி அடுக்கு முழங்காலளவு. அப்படியென்றால் நிலம் இங்கே ஒரு முறை உடைந்ததோடு நிற்கவில்லை. நாற்பது மைல் தள்ளி மலையடிவாரத்தில் அவள் பார்த்திருந்த பிளவுதான் ஊருக்கடியில் இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறது. உலகத்தில் யாருக்கும் அது தெரியாது, அவளுக்குத் தெரியும். குழிக்குள் நின்றபடியே தனியாகச் சிரித்தாள். சந்தோஷத்தில்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மேலே ஏறி வந்து அது போகிற திசையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தின் பழைய கட்டடத்தில் ஒரு மூலையை அறுத்துக்கொண்டு, புதுக் கட்டடத்துக்கு அடித்திருந்த முளைக்குச்சிகளுக்கு நடுவே புகுந்து போனது. இரும்புக்கம்பியும் கான்கிரீட்டுமாக மூன்று மாடி. ஏழு வருடம் அக்கா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கண்டவன் காலிலும் விழாத குறையாக வாங்கிய அனுமதி அது.

கண்ணால் பார்த்த பிளவுக்கு வரைபடத்தில் முழுக்கோடு, மண்ணுக்கடியில் இருக்கலாம் என்று ஊகிப்பதற்குப் புள்ளிக்கோடு. முழுக்கோட்டிலிருந்து ஐம்பது அடிக்குள் புதிதாக எதையும் கட்டக்கூடாது என்பது சட்டம். புள்ளிக்கோட்டை ஒருவரும் சட்டை செய்ய மாட்டார்கள்.

"குழியை மூடியாச்சா மேடம்?" என்று கேட்டார் இயக்குநர்.

"நேத்தே மூடியாச்சு சார்."

"அப்ப இனிமே பிளவு யார் கண்ணுக்கும் தெரியாது. மறைஞ்சிருக்கறதுக்குப் புள்ளிதானே? புள்ளி வச்சிடுங்க. உங்க அக்கா ஸ்கூல் வேற."

"நான் கையால தொட்டுப் பார்த்தது சார் அது. மேல மண்ணைப் போட்டா இல்லைன்னு ஆயிடுமா?"

அன்று மாலையே அக்கா இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏண்டி, நாலு புள்ளி வச்சா உன் கை தேஞ்சா போயிடும்?"

"பிளவு மேல கட்டினா ஒரு நாள் ரெண்டா பிளந்துடும்க்கா. வேற இடம் கேளு, தருவாங்க."

"தருவாங்க, இன்னும் ஏழு வருஷம் கழிச்சு. இப்ப பிள்ளைங்க எங்க உட்கார்ந்திருக்குன்னு ஒரு நாளாவது வந்து பார்த்தியா நீ? என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி."

அவளுக்கும் உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. காது கொடுத்தால்தானே? கண்டுபிடித்தவள் என்கிற கர்வம் அவளுக்குத் தலைக்கேறியிருந்தது. படங்களையும் அளவுகளையும் இயக்குநருக்கு மேலே இருந்தவர்களுக்கு அனுப்பினாள், தலைகீழாக நின்று சாதித்தாள். வரைபடம் முழுக்கோட்டோடு வெளிவந்தது. ஓரத்தில் அவள் பெயர். முளைக்குச்சிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. "நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வா. உன் வரைபடத்தையும் எடுத்துட்டு வா."

பழைய கட்டடத்துக்கு வயது அறுபது. வெறும் செங்கல், உள்ளே பேருக்குக்கூட ஒரு கம்பி கிடையாது. விரிசல்களில் சிமெண்டை அப்பி வைத்திருந்தார்கள். புதிதாகக் கட்டுவதைத்தான் சட்டம் தடுத்தது, ஏற்கெனவே நிற்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

அக்கா சாக்பீஸை நீட்டினாள். "உன் கோடு எங்க போகுதுன்னு தரையில போடு. அந்த ரூம்ல பிள்ளைங்களை வைக்க மாட்டேன்."

டேப்பைப் பிடித்து அளந்து, முட்டி போட்டு வரைந்தாள். கோடு மூலை அறையான மூன்றாம் வகுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அக்கா ஒரு பெஞ்சின் முனையைத் தூக்கினாள், இவள் மறு முனையைப் பிடித்தாள். மறு கோடி அறைக்கு ஆறு பெஞ்சு கொண்டுபோய்ப் போட்டார்கள். ஏழாவதில் இவளால் முடியவில்லை.

"விடுக்கா. இது வீண் வேலை."

"ஏன்?"

"பூகம்பம் வந்தா கோட்டு மேல மட்டும் ஆடாது. ஊரே ஆடும். இந்தச் சுவரு எந்த ரூம்லயும் நிக்காது."

அக்கா பெஞ்சைக் கீழே வைத்தாள். "புதுசு நின்னிருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.

"தரை பிளந்திருக்கும். சாஞ்சிருக்கும். ஆனா கம்பி போட்ட கட்டடம், பொலபொலன்னு உதிராது. பிள்ளைங்க வெளிய ஓடி வந்திருக்கும்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

அக்கா கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பையும் கையுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க வேணா உட்காருங்கப்பா," என்றாள் அக்கா.