சோதித்துப் பார்க்காத கட்டளை

குஞ்சு பொரிக்கும் பெட்டிகளை இயக்க இணையத்தில் ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதை எழுதியவருக்கு நாங்கள் வைத்த பெயர் மௌனசாமி. நிரலை எழுதித் தள்ளுவாரே தவிர, அது என்ன செய்யும் என்று ஒரு வரி விளக்கம் எழுத அவருக்குக் கை வராது. அந்தத் தலைவலியைச் சம்பளமில்லாமல் சுமப்பவன் நான்.

உள்ளே அவர் ஒளித்துவைத்த கட்டளை ஒன்று உண்டு. மின்சாரம் போய் ஆறிப்போன பெட்டியைச் சட்டென்று சூடாக்கும். முட்டைகளை உள்ளே வைத்து யாரும் சோதித்ததில்லை, அதனால் அதிகாரபூர்வமாக வெளியிடவும் இல்லை. பெட்டி வைத்திருப்பவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்து, விளக்கம் எழுது என்று ஆளாளுக்கு என் உயிரை எடுத்தார்கள். எழுதினேன். சோதிக்கப்படாதது என்று பக்கத்தின் தலையிலேயே போட்டேன். எச்சரிக்கையை எவன் படிக்கிறான்? கீழே இருக்கிற மாதிரியை நகலெடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுவான். அதனால் மாதிரியில், சூட்டின் உச்ச வரம்பைச் சொல்லும் வரியில் வேண்டுமென்றே பூஜ்யம் போட்டுவைத்தேன். அப்படியே ஒட்டினால் ஓடாது. மேலே உள்ளதைப் படித்தால்தான் சரியான எண் தெரியும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா வேலையை விட்டுவிட்டு, வீட்டின் பின்னறையில் இந்தப் பெட்டிகளை வாங்கி வைத்திருக்கிறாள். முட்டை வைத்தது இதுதான் முதல் முறை. இது பொரிக்காவிட்டால் பேசாமல் பழைய வேலைக்கே போ என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். இன்று மதியம் போன் செய்து, முட்டைகளில் அசைவே இல்லை, வந்து பார் என்றாள்.

விளக்கை ஒரு முட்டைக்குப் பின்னால் பிடித்தாள். போன வாரம் நான் பார்த்தபோது துள்ளிய கரு, அடியில் கறுப்பாகப் படிந்து கிடந்தது. அடுத்ததும் அப்படித்தான். நேற்று மின்சாரம் போனதில் குளிர் தாங்கவில்லை போல என்று அவளாகவே சொன்னாள். மின்சாரம் வந்ததும் என்ன செய்தாய் என்று கேட்டேன். நான் எழுதிய பக்கத்தைப் பார்த்து, சட்டென்று சூடாக்கினாளாம்.

"அது ஓடாதேக்கா."

"ஓடலடா. ஒரு வரி தடுத்துச்சு. அதைத் தூக்கிட்டேன், ஓடிருச்சு."

வரம்பையே தூக்கியிருக்கிறாள். ஓடவிட்டுவிட்டுக் கடைக்கும் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது பெட்டி நன்றாகக் கொதித்தது என்று சந்தோஷமாக வேறு சொன்னாள். கத்த வாயெடுத்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. அவளோ என் முகத்தைப் பார்த்து வேறு எதையோ புரிந்துகொண்டு, தோளைத் தட்டினாள்.

"நீ கவலைப்படாத. தம்பி பேரு கெட்டுப்போகக் கூடாதுன்னு, அந்தப் பக்கத்துலயும் அந்த வரியைத் தூக்கி நானே திருத்தி அனுப்பிட்டேன். உங்க மௌனசாமியும் ஏத்துக்கிட்டாரு. காலையிலேருந்து எத்தனை பேர் நன்றி சொல்லியிருக்காங்க பாரு."

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். நன்றிகள் வரிசை கட்டி நின்றன. எத்தனை வீட்டுப் பின்னறைகள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அந்தத் திருத்தத்தை நீக்கப் போனேன். எதற்காக நீக்குகிறாய், காரணம் எழுது என்று ஒரு கட்டம் திறந்தது. எழுதாமல் நீக்க முடியாது.

முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, நான் என்ன எழுதப் போகிறேன் என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.