பங்களாவில் ரப்பர் உருளை மாற்றிய காலை

...இல்லை, ரப்பர் சரியாகத்தான் இருக்கிறது, அளவும் சரி, கட்டையின் மேல் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்டியிருக்கிறது, இரண்டு முனையையும் குழியில் இறக்கினால் வேலை முடிந்தது, பிறகு ஏன் கை தயங்குகிறது? பிட்டர் சங்கரபாண்டி சுத்தியலைக் கீழே வைத்தான். தகரக் கூரையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆனி பிறந்தாயிற்று, இனி மூன்று மாதத்துக்குக் குற்றாலத்தில் துணி காயாது, அதற்காகத்தான் பங்களாக்கார வக்கீல் இந்த மெஷினை வாங்கினார், உலகச் சண்டை தொடங்கியதும் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன துரையிடமிருந்து. ஒரு மரத்தொட்டி, அதன் விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உருளைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. ஒருவர் ஈரத்துணியை நடுவில் கொடுக்க இன்னொருவர் சுற்றினால், துணி மறுபக்கம் சப்பையாக, பாதி காய்ந்து வரும். துரை வீட்டுச் சட்டைக்கும் கவுனுக்கும் செய்தது. அருவிக்குப் போய்வரும் நம்மவர்கள் தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு துவட்டுகிற துண்டுகள் இதில் வரும் என்று செய்தவனுக்குத் தெரியுமா? எண்ணெய் பட்டுப்பட்டு ரப்பர் ஊறிப் பிசுபிசுத்து, தோல் உரிந்த மாதிரி கிழிந்துவிட்டது. புது உருளைக்குச் சண்டைக் காலத்தில் எங்கே போவது, புளியறை தாண்டி மலையாள தேசத்துக்கே போய் ரப்பர் ஷீட்டாக வாங்கிவந்து அவனேதான் சுற்றி ஒட்டினான், நான்கு நாள் வேலை, அந்த நான்கு நாளும் கை தயங்கவில்லை.

எதிரே வீட்டு வேலைக்காரி சந்தனமாரி குந்தி உட்கார்ந்து துணி பிரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கக்கூடாது என்றுதான் நினைக்கிறான், கண் போய்விடுகிறது. இடது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் இல்லை. மற்ற விரல்களால் துண்டின் முனையைப் பிடிக்கிறாள், வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறாள். ஒரு வருஷம். போன வருஷம் இதே கொட்டகையில் தோட்டக்காரன் கைப்பிடியைச் சுற்ற, இவள் வக்கீல் வீட்டு ஆச்சியின் பதினாறு முழச் சேலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள், சேலை மடிப்போடு விரலும் போய்விட்டது. தென்காசி ஆஸ்பத்திரியில் பத்து நாள், விரல் புரையோடி எடுக்கவேண்டியதாயிற்று. ‘வேலையில கண்ணு இருந்தாத்தானே’ என்று ஆச்சி சொன்னாள். தோட்டக்காரன் சொன்னான். தெருவே சொன்னது. சங்கரபாண்டி என்ன சொன்னான்? ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதவன்மேல் என்ன தப்பு இருக்கமுடியும் என்று எத்தனை நாள் நினைத்துப் பார்த்தான், தூக்கம் வந்ததா?

மேல் உருளைக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கொக்கி உண்டு. அதைத் தட்டினால் ஸ்பிரிங் விட்டு மேல் உருளை துள்ளி எழும்பும், நடுவில் எது மாட்டினாலும் உருவிக்கொள்ளலாம், அதற்கென்றே துரைமார் வைத்தது. ஆனால் பதினாறு முழச் சேலை துரைசானியின் கவுனா? தண்ணீரில் ஊறித் தடித்த மடிப்பு போகும்போதெல்லாம் கொக்கி தானாகவே விட்டுக்கொண்டது, அதன் பல்லும் தேய்ந்திருந்தது. சீமையில் கிடைக்கிற சாமானுக்கு இங்கே எங்கே போக? ‘சும்மா சும்மா விரியுதே, இதுக்கு ஒரு வழி பண்ணப்படாதா?’ என்று ஆச்சி அலுத்துக்கொள்ள, அவன் ஒரு கம்பியை எடுத்து, வெளியே தெரியாதபடி அடிப்பக்கமாகக் கொக்கியை நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டான். அரை நிமிஷ வேலை. கெட்டிக்காரன் என்று ஆச்சி காப்பி கொடுக்கச் சொன்னாள். விபத்து நடந்த மறுநாள் மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டபோது முதலில் அந்தக் கம்பியைத்தான் அறுத்து மடியில் வைத்துக்கொண்டான், பாலத்தில் நின்று சிற்றாற்றில் எறிந்தான். யாரும் பார்க்கவில்லை.

இன்றைக்குக் காலையில் வந்ததும் ஆச்சி சொன்னாள்: “நல்லாப் பண்ணிரு பிட்டரு. வெள்ளிக்கிழமை இலஞ்சியிலேருந்து வேற ஆளு வாரா. இவள அனுப்பிரப் போறேன். பாவம்னுதான் இம்புட்டு நாள் வச்சிருந்தேன், கவனமில்லாதவள இந்த மெஷின்கிட்ட எப்படி விட?” இவள் எங்கே போவாள்? புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். கவனமில்லாதவள் என்ற பேரோடு, அந்தக் கையோடு, எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? உண்மையைச் சொன்னால் ஆச்சி இவளை வைத்துக்கொள்ளுவாள், அப்படி ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் இந்த வீட்டு வாக்கை நம்பித்தானே மற்றப் பங்களாக்காரர்கள் அவனைக் கூப்பிடுகிறார்கள், பம்பு, பூட்டு, விளக்கு எல்லாம்... ஒரு கம்பியால் எல்லாம் போய்விடுமே.

உருளையை இறக்கினான். இரும்பில் தானே அராவிச் செய்த புதுக் கொக்கியைப் பொருத்தினான். தட்டிப் பார்த்தான். டக். மேல் உருளை துள்ளியது.

சத்தம் கேட்டு மாரி திரும்பினாள். “அது என்ன அண்ணாச்சி, புதுசா?”

“கொக்கிதாம்மா. பழசு தேஞ்சு போச்சு.”

அவள் எழுந்து வந்தாள். உருளையை அழுத்தி மாட்டி, ஆள்காட்டி விரலால் கொக்கியைத் தட்டினாள். டக். மறுபடி மாட்டினாள். டக். இன்னொரு தரம். ஏன் நிறுத்தமாட்டேன் என்கிறாள்?

“போன வருசம்...” அவன் சுத்தியலைப் பையில் போட்டான். “போன வருசம் இதைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தேன், மாரி. நாந்தான்.”

திட்டுவாள் என்று நினைத்தான், மண்ணை வாரித் தூற்றட்டும், அழட்டும், எதுவானாலும் சரி. அவள் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் தட்டினேன் அண்ணாச்சி,” என்றாள் மெதுவாக. “விரலு உள்ள போயிட்டு, இந்தக் கையால தட்டினேன், தட்டிக்கிட்டே இருந்தேன். சொன்னேன், ஒருத்தரும் நம்பல. நீ பதட்டத்துல வேற எங்கனயோ தட்டியிருப்பன்னு சொன்னாவ. பெறகு எனக்கே அப்படித்தான் தோணிட்டு. வேற எங்கனயோதான் தட்டிட்டேம் போலன்னு. உலைய எறக்கினா, தண்ணிய ஊத்தினா, எல்லாத்தையும் ரெண்டு தரம் பாக்கேன். நமக்குத்தான் புத்தி நிக்காதேன்னு.”

விரல்கள் போனதுதான் தன் பாவக்கணக்கு என்று இத்தனை நாள் இருந்தானே. அவள் தன்னையே நம்பாமல் ஒரு வருஷம் இருந்திருக்கிறாள், அதை எந்த இரும்பில் அராவி எடுத்துப் பொருத்துவது? ஆனாலும் சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசாகியிருந்தது, வெட்கமாக இருந்தாலும் லேசாகத்தான் இருந்தது, மூச்சு ஒழுங்காக வந்தது...

“ஏ பிட்டரு, முடிஞ்சுதா?” உள்ளேயிருந்து ஆச்சியின் குரல்.

முடிந்தது ஆச்சி என்று வாய்வரை வந்த வார்த்தை நின்றது. முடிந்ததா? எவளிடம் சொன்னால் தனக்கு ஒன்றும் போகாதோ அவளிடம் அல்லவா சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமை இவள் இந்த வீட்டுப் படி இறங்கும்போதும் இந்த நெஞ்சு இப்படியேதான் லேசாக இருக்குமோ?

மாரி துணிக்கூடையை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். கொடிப்பக்கம் போகவில்லை. ஆச்சியிடம் போகிற சமையற்கட்டு வாசலை மறித்தாற்போல் நின்றிருந்தவள் ஒரு அடி விலகிச் சுவரோரமாக நின்றாள். அவன் எழுந்தான். கால் வாசல்பக்கம் திரும்பியிருக்கிறதா, சாமான் பையின் பக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை.