சட்டை உதறும் வீடு

எலிமருந்து ஆலையில் பொடி அரைப்பவரின் மனைவிக்கு முப்பதோடு வயது நின்றுவிட்டது. காரணம் தெருவுக்கே தெரியும். அவர் மாலையில் கழற்றிப் போடும் சட்டையை அவள் கொல்லைக் கதவருகே நின்று உதறுவாள். காலர் தூசியில் துளி மூக்கில் ஏறும், ஒரு தும்மல் போடுவாள், அவ்வளவுதான். உதறிய இடத்தில் முளைத்த பூசணிக்கொடி அடுத்த வீட்டு மாடியையும் பிடித்துக்கொண்டது. முகமூடி கட்டி வேலை பார்த்த அவருக்கோ தலை வழுக்கையாகி, புதிதாகப் பார்ப்பவர்கள் அவளை அவர் மகள் என்றே நினைத்தார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றால், அளவோடு இருந்தால் நஞ்சும் அமிர்தம்தானே என்று பக்கத்து வீட்டுக்காரி வயிற்றெரிச்சலோடு சொல்லித் திரிந்தாள். பொடிக்காரர் மனைவியின் மேல் உட்கார்ந்த ஈக்கள் செத்து விழுந்ததை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஆலையில் குளியலறை கட்டி, வேலை உடுப்பை அங்கேயே துவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்ல காரியம்தான். சட்டை சுத்தமாக வீடு வந்த முதல் வாரத்தில் பூசணிக்கொடி வாடியது, அவள் தலை வெளுத்தது. அடுத்த வாரம் பல் ஆடியது. வெளியூரில் இருக்கும் மகள் கைக்குழந்தையோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். பேரனைப் பார்க்காமலே மனைவி போய்விடுவாளோ என்று பயந்த அவர், சட்டைக் கை மடிப்பில் ஒரு சிட்டிகை பொடி கொண்டுவந்தார். பழைய அளவு பற்றவில்லை. இரண்டு, மூன்று என்று ஏற்றினார். பல் உறுதிப்பட்டது, முடி கறுத்தது. அவள் சாப்பிட்ட தட்டை நக்கிய பூனை வாசலைத் தாண்டவில்லை.

மகள் வந்தபோது அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். நரை விழுந்திருந்தது மகளுக்குத்தான்.

"ஏம்மா, பேரனைத் தூக்க மாட்டியா?"

"வேணாம்மா. பூனையே தாங்கல," என்றார் அப்பா.

"நான் பத்து மாசம் அம்மா வயித்துலதானே இருந்தேன். செத்தா போயிட்டேன்?"

மகள் குழந்தையை அம்மா மடியில் போட்டாள். கண்ணீர் குழந்தை மேல் பட்டுவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மா அழுதாள். அப்பா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபடியே இருந்தார். பொழுது சாயும்வரை மூச்சு சீராக வந்தது. அப்போது ஒரு கொசு குழந்தையின் கன்னத்தில் கடித்து, கடித்த இடத்திலேயே சுருண்டு விழுந்தது.

மகள் அதை ஊதித் தள்ளினாள். குழந்தைக்காகக் கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். "அப்பா, சட்டையைக் குடுங்க, இனிமே நானே உதறுறேன்," என்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். குழந்தை தும்மியது. உள்ளே விளக்கைப் போட்டார்கள்.