தொட்டில் தாங்கும் எடை

மூட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஆளுக்கு இரண்டு மாதமாகப் பகலில் சோறு கிடையாது. இரவு எட்டு மணிக்கு ஒரே வேளை.

உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடியைத் துடைப்பது அவன் வேலை. மொட்டைமாடியிலிருந்து கம்பி வடத்தில் தொங்கும் இரும்பு மேடையில் இரண்டு பேர் ஏறுவார்கள். வேலைக்காரர்களுக்கு அது தொட்டில். புதிதாக வந்த தொட்டில் இருநூற்று நாற்பது கிலோவைத் தாண்டினால் அலறும், நகராது. மூட்டை நூற்றுப் பதினெட்டு, கூட ஏறும் மைத்துனன் அறுபத்திரண்டு, தண்ணீரும் சாமானும் எழுபது. பத்து கிலோ அதிகம். தண்ணீரைக் குறைத்தால் பாதி வேலையில் கீழே வர வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் கெடு வைத்துவிட்டார்: "ரெண்டு மாசம். அதுக்குள்ள சத்தமில்லாம ஏறணும். இல்லேன்னா ஆளை மாத்திடுவேன்."

மனைவியிடம் மூட்டை மூச்சுவிடவில்லை. தெரிந்தால் அன்றே வேலையை விடச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்பாள். அதனால் நாலு அடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு வழக்கம்போல வந்தது. மதியம் அதை மைத்துனனிடம் நீட்டிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வான். வாசனையே குடலைச் சுருட்டியது; கண்ணாலும் பார்த்தால் தாங்காது. முதுகுக்குப் பின்னால் ஏப்பம் கேட்ட பிறகுதான் திரும்புவான்.

கெடு நாள் வந்தது. முந்தின இரவிலிருந்து அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சற்றுத் தள்ளி, ஒல்லியான புது ஆள் ஒருவன் இடுப்பில் பெல்ட் மாட்டித் தயாராக நின்றான்.

"மாமா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க," என்றான் மைத்துனன்.

"வாயை மூடிட்டு ஏறு மாப்ள."

ஏறினார்கள். சாமான் ஏறியது. முதல் தண்ணீர் கேன். சத்தமில்லை. இரண்டாவது. சத்தமில்லை. மூட்டை கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். மூன்றாவது கேன் உள்ளே இறங்கியதும் தொட்டில் அலறியது.

"மெஷின் தப்பு சார்! பதினொரு கிலோ இறக்கியிருக்கேன்!"

சூப்பர்வைசர் ஸ்டோரிலிருந்து எடை மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். மூட்டை ஏறினான். நூற்றேழு.

"சொன்னேனே சார்!"

"சரி. இப்போ நீ ஏறு."

மைத்துனன் பின்வாங்கினான். "நானா? நான் எப்பவும் அறுபத்திரண்டுதான் சார்."

"ஏறுடா."

எழுபத்தொன்று.

தொளதொள சட்டைக்குள் இருந்ததை மூட்டை அன்றுதான் பார்த்தான். கன்னம் உப்பியிருந்தது. இரண்டு மாதமும் தூக்கில் ஒரு பருக்கைகூட மிஞ்சியதில்லை.

"போனது பதினொண்ணு, வந்தது ஒன்பது," என்றார் சூப்பர்வைசர். "குடும்பத்துக்குள்ளேயே கை மாத்திக்கிட்டீங்களாக்கும்." புது ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "மூட்டை சொன்னபடி செஞ்சான். நீ இறங்கு. இந்தப் பையன் ஏறட்டும்."

"மாமா, கேளுங்க மாமா! ஒரு வாரம் டைம் கேளுங்க. நானும் பட்டினி கிடக்கிறேன்!"

மூட்டை வாயைத் திறந்தான். கேட்டால் ஒரு வாரம் கிடைக்கலாம். கடுப்பில் மனுஷன் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பவும் செய்யலாம். முதுகுக்குப் பின்னால் கேட்ட அத்தனை ஏப்பமும் ஒன்றாய்க் காதில் கேட்டது.

அவன் தொட்டிலில் ஏறினான். புது ஆளும் ஏறினான். மூன்று கேனும் உள்ளே இருந்தன. சத்தமில்லை. மூட்டையே பொத்தானை அமுக்கினான். தரை விலகியது.

மைத்துனன் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடி கீழே நின்றான்.

"மாமா! அக்காகிட்ட என்ன சொல்றது?"

இரண்டாவது மாடிக் கண்ணாடியில் மூட்டைக்குத் தன் முகம் தெரிந்தது. கன்னம் வற்றி, யாரோ மாதிரி இருந்தது. கண் இருட்டியது. கைப்பிடியை விடாமல் கீழே பார்த்துக் கத்தினான்:

"சாப்பிட்டேன்னு சொல்லு!"