மயிலைக்காளைக்கு எத்தனை விரல்?

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. ராஜபாளையத்தில் ஒரு தவசக்கடையில் கம்புக்கு விலை கேட்டேன். கடைக்காரர் தம் பாட்டன் காலத்துப் பஞ்சம் ஒன்றை எடுத்துவிட்டார். நான் விலைக்கு ஒத்துக்கொண்டதும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். பேரம் பேசும் வியாபாரிகள் மடியில் வளர்ந்த எனக்கே இந்தக் கதி.

முதல் தொடக்கம்: "விகாரி வருஷம் புரட்டாசியில், வானம் என்னும் கல்நெஞ்சக்காரி..." வேண்டாம். மழையில்லை என்று சொல்ல இத்தனை செலவு ஆகாது.

இரண்டாவது: வன்னியம்பட்டி சிவனாண்டிக்கு மூன்று பிள்ளைகள், ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, ஒரு காலிக் குலுக்கை.* இது போதும்.

(* தவசம் கொட்டிவைக்கும் ஆளுயர மண்கூடு. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் மூக்கைப் பார்க்கும் முன் இதைத் தட்டிப் பார்ப்பார்கள்.)

2

சிவனாண்டியைச் சோம்பேறி என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சோம்பேறி பட்டினி கிடந்தால் வாசகருக்கு நிம்மதி. அதை ஏன் சும்மா தரவேண்டும்? ஆள் கடும் உழைப்பாளி. புதுப்பட்டிக்காரர் ஒருவர் பருத்தி போட்டுக் காதில் கடுக்கன் ஏற்றிக்கொண்டதைப் பார்த்து, கம்பு விதைக்கிற நிலத்திலும் பருத்தியே போட்டான்.

"பஞ்சை ஒலையில போட்டாப் பொங்குமாக்கும்?" என்று மனைவி பரிபூரணம் அப்போதே கேட்டாள்.

"காசு இருந்தா கம்பு தானா வரும்ட்டி."

"வரும். வெலையையும் தோள்ல தூக்கிக்கிட்டு வரும்."

மழை பொய்க்கும் முன் பருத்தி நன்றாகவே விளைந்தது. எல்லோருக்கும் விளைந்ததுதான் வினை. எல்லோரும் சேர்ந்து பஞ்சு விற்றார்கள், விலை இறங்கியது. பிறகு எல்லோரும் சேர்ந்து கம்பு வாங்கினார்கள், விலை ஏறியது. இரண்டு தடவையும் தராசுக்கு அந்தப் பக்கம் என் சொந்தக்காரர்கள் யாராவது நின்றிருப்பார்கள். [இந்த வரியை வீட்டில் படித்துக்காட்டப் போவதில்லை.]

3

ஜோடியில் சாம்பல் நிற மயிலைக்காளையை விற்றால் அறுப்பு வரை கஞ்சி உண்டு; ஆனால் மழை பெய்யும்போது ஏரில் பூட்ட ஜோடி இல்லை. விற்காவிட்டால் ஏர் உண்டு. அதைப் பிடிக்கத் தெம்பு இருக்காது.

இந்த இடத்தில் நானே மழையைப் பெய்யவைத்துவிடலாமா என்று... தவசக்கடைக்காரர் சிரிப்பார்.

4

மாட்டுத்தாவணி என்னும் மாட்டுச்சந்தை. காளைக்கு ஈடாகக் கம்பே தருகிறேன் என்றார் தரகர் பிச்சை முகம்மது ராவுத்தர். தம் கையையும் சிவனாண்டி கையையும் கோத்து, அவற்றின் மேல் தோள்துண்டைப் போட்டார். தாவணியில் விலையை வாய் சொல்லாது. துண்டுக்குள் விரல் சொல்லும். இங்கே ஒரு விரலுக்கு ஒரு கோட்டை அளவு கம்பு. ராவுத்தர் எத்தனை விரல் பிடித்தாரோ, சிவனாண்டியின் முகம் சுருங்கியது.

"ராவுத்தரே, மாட்டுக்குக் கேக்கீரா, கோழிக்குக் கேக்கீரா?"

"மாப்ள, கோழின்னா குப்பையக் கெளறித் தின்னுக்கிடும். இதுக்கு வைக்கோலு நாமில்ல போடணும்."

சிவனாண்டி சரியென்று தலையாட்டப் போனான். அதற்குள் கூட வந்திருந்த பரிபூரணம் துண்டை வெடுக்கென்று உருவி, தன் கையையும் புருஷன் கையையும் சேர்த்து மூடிக்கொண்டாள். தாவணியே சிரித்தது.

"ஏட்டி, யாவாரம் அவியகூட!"

"ஒலை வைக்கது நானு. பொறவு யாருகூடப் பேசணும்?"

"தங்கச்சி, பொம்பள தாவணியில வெரல் பிடிக்கது எங்கயும் உண்டா?" என்றார் ராவுத்தர்.

"எம் புருசன் கையத்தான பிடிச்சேன் அண்ணாச்சி. உம்ம கையவா பிடிச்சேன்?"

ராவுத்தரும் சிரித்துவிட்டார். துண்டுக்குள் ஏதோ அசைந்தது. சிவனாண்டி அவள் முகத்தைப் பார்த்தான்.

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"ம்."

துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். ராவுத்தர் மறுபடி கை நீட்டினார். "சொல்லு மாப்ள."

5

அவள் என்ன பிடித்தாள்? ஐந்து விரலையும் என்றால், அதற்குக் குறைந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்று அர்த்தம். ஒற்றை விரல் என்றால், கிடைத்ததற்குக் கொடு, பிள்ளைகள் தாங்காது. விரலே பிடிக்காமல் கையை மூடியிருந்தால் விற்கவே வேண்டாம்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே நன்றாக இருந்தன, அதுதான் சந்தேகம். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு எழுதியவை. அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவள் விரலை நீட்டவோ மடக்கவோ எனக்குப் பாத்தியதை இல்லை.

ராவுத்தரின் கை துண்டுக்குள் காத்திருக்கிறது. நீங்கள் சாப்பிட்டாயிற்றா? இல்லையென்றால் வாருங்கள், கையை உள்ளே விடுங்கள்.