ஷரோனுக்குக் கிடைத்த கடைசிப் பகுதி

1

மெய்யைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் ஓடிய பெயர்களில், இயக்கம் என்ற இடத்தில் தமிழ்ப் பெயர் மாதிரி ஒன்று தெரிந்தது. வாசிக்கமுன் அடுத்த பகுதி தொடங்கிவிட்டது. திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கலாம். பஞ்சி, எழும்பச் சோம்பல். ஆகவே ஷரோனை நானே உண்டாக்கினேன்.

2

பனி கொட்டும் ஒஸ்லோவில்... (வெட்டு. இது யூன் மாதம்.)

ஷரோனுக்கு ஐம்பத்திரண்டு வயது. லண்டனில் இருபத்துநாலு வருசமாக நாடகம் இயக்குகிறாள். ஆறு பகுதித் தொடர் என்றால் அவளுக்கு மூன்றாவதும் நாலாவதும். தொடக்கமும் முடிவும் பேர்பெற்றவர்களுக்கு. அப்படியொரு நடுப்பகுதிக்காகத்தான் அம்மாவின் செத்தவீட்டுக்கும் போகாமல் விட்டாள். இப்போது முதன்முறையாகக் கடைசிப் பகுதி கிடைத்திருக்கிறது. திங்கள் காலை லண்டனில் படப்பிடிப்பு.

அதே திங்கள் காலை ஒஸ்லோவில் அண்ணன் வின்சென்றுக்கு இருதயச் சத்திரசிகிச்சை.

(நாள் எப்படி இவ்வளவு வடிவாகப் பொருந்தியது என்று சிரிக்கிறீர்கள். எனக்கும் வெட்கம்தான். வேறு நாள் வைத்தால் கதை இல்லையே.)

3

ஞாயிறு பின்னேரம், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் அண்ணன் வீடு. விடிந்தால் சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டிய வருத்தக்காரர்தான் தங்கைக்குச் சோறு போட்டார்.

"நீ இண்டைக்கே வெளிக்கிடு. இஞ்சை மகள் எமிலியா நிக்கிறாள்தானே."

"உங்களுக்குப் பயமில்லையோ அண்ணா?"

"ஓம், பயம்தான். அதுக்கு நீ நிண்டு என்ன செய்யப்போறாய்? டொக்டருக்கு நடிச்சுக் காட்டப்போறியோ?"

ஷரோன் சிரித்தாள். பிறகு அழுதாள். "அம்மான்ர செத்தவீட்டுக்கு நான் வரேல்லை."

"வரேல்லைத்தான். கோவம் இருந்தது. இப்பவும் இருக்கு." இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டார். "அதுக்காக இதை விட்டிட்டு நிண்டு, என்ர தலையில பழியைப் போடாதை."

இந்த இடத்தில் அவர் தங்கையை நிற்கச் சொல்லிக் கெஞ்சுவதாகத்தான் எழுத இருந்தேன். மனுசன் மசியவில்லை.

4

முதல் முடிவில் அவள் போனாள். லண்டனில் காட்சியைத் தொடங்க வாய் திறந்தபோது எமிலியாவின் அழைப்பு

(விட்டுவிட்டேன். அவள் என்ன சொல்வாள் என்று எழுத மனம் வரவில்லை.)

இரண்டாவதில் நின்றாள். வின்சென்ற் கண் முழித்தார். "ஏன் போகேல்லை?" என்றார். ஷரோனுக்கு அவரில் ஒரு சொட்டு வெறுப்பு வந்தது. அதை அழிக்கப் பார்த்தேன், போகவில்லை.

5

திரும்பவும் ஞாயிறு பின்னேரம். வாசலில் பயணப்பை. எமிலியா கார்த் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு நிற்கிறாள். "மாமி, பிளைட்டுக்கு நேரமாச்சு."

ஷரோன் ஒரு காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நானும் நடுப்பகுதிக்காரன்தான் பிள்ளை, என்னால் ஏலாது.

நீங்கள் சொல்லுங்கோ, போவதா நிற்பதா. மெல்லமாகச் சொல்லுங்கோ. அடுத்த அறையில் வின்சென்ற் நித்திரை மாதிரிக் கிடந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.