பக்கத்து வயலுக்குப் போன தேன்பெட்டிகள்

தேன்பெட்டிக்காரருக்குத் தொழில் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. பெட்டியை நகர்த்துவதானால் ஓரடி ஈரடி நகர்த்து, இல்லாவிட்டால் ஊர் தாண்டிக் கொண்டுபோ. நடுவில் எங்காவது வைத்தால் மேயப் போன ஈயெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பித் தவிக்கும். புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்களிடம் இதை வாய் வலிக்கச் சொல்கிறவரே அவர்தான். அப்படிப்பட்ட மனிதர் அன்று விடியற்காலையில் சூரியகாந்தி வயலில் இருந்த பெட்டிகளையும் கூடாரத்தையும் மினி லாரியில் ஏற்றி, மரவரிசைக்கு அந்தப் பக்கம் இருந்த எள்ளு வயலில் இறக்கினார்.

புத்தி அப்படிப் போனதற்குக் காரணம் மனைவி. பூவைத் துரத்திக்கொண்டு அலைகிற மனுஷனோடு இனி முடியாது என்று அண்ணன் வீட்டுக்குப் போனவள், போனைக்கூட எடுப்பதில்லை. இவரும் தினமும் இரண்டு தட்டைக் கழுவி, ஒன்றில் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மச்சானிடம் சொல்லி அனுப்பினார்: "சூரியகாந்தி முடியிற வரைக்கும் பாழுங்கிணத்தோர வயல்லதான் இருப்பேன். மனசு மாறினா வரச் சொல்லுங்க."

வானம் பார்த்த பூமி. மழை கைவிரித்துவிட்டது, பூ முன்னதாகவே கருகிவிட்டது. அங்கேயே இருந்தால் ஈ பட்டினி. தூரத்துக் கொத்தமல்லி வயல்களுக்குப் போனால் அவள் வந்து ஏமாந்து போவாள். எள்ளு வயலோ பம்புசெட் புண்ணியத்தில் பூத்து நின்றது. பக்கத்தில்தானே, வந்தால் விசாரித்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

மத்தியானத்துக்குள் பெட்டிகளில் பாதிக் கூட்டம் இல்லை. பொழுது சாயும்போது ஒரு தேனடையை வைத்த காலிப் பெட்டியோடு பழைய வயலுக்குப் போனார். பெட்டிகள் இருந்த கற்களின்மேல் ஈக்கள் கொத்துக் கொத்தாக ஒடுங்கிக் கிடந்தன.

ஆடு மேய்க்கிற அம்மா நின்று பார்த்தாள்.

"என்ன தம்பி, திரும்பி வந்துட்ட? மத்தியானம் உன் பொண்டாட்டி வந்திருந்தாளே, பையும் கையுமா."

"எங்கம்மா அவ?"

"நீ காலையிலயே வண்டி கட்டிட்டன்னு சொன்னேன். ரொம்ப நேரம் இந்த ஈயையே பாத்துட்டு நின்னா. இப்பதான் பஸ் ஏறினா."

அவர் உடனே அவளுக்குப் போன் போட்டார். அதிசயமாக எடுத்தாள்.

"நான் எங்கயும் போகல. மரத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கேன். உனக்காகத்தான் கிட்டத்துலயே வெச்சேன். இறங்கிடு, நான் வர்றேன்."

பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"உசுரா வளத்த ஈயையே விட்டுட்டுப் போயிட்டாரேன்னு நினைச்சேன். அப்புறம் நான் எம்மாத்திரம்?"

"அதான் நான் விட்டுட்டுப் போகலன்னு இப்ப தெரிஞ்சுடுச்சே."

"தெரிஞ்சுது. எனக்காகன்னு சொல்லி அதுங்களையும் தவிக்க விட்டிருக்கீங்க. வேணாங்க. பூ எங்க இருக்கோ அங்க போங்க."

போனை வைத்துவிட்டாள்.

அவர் குனிந்து, ஈக்களைப் பிரஷால் மெதுவாகப் பெட்டிக்குள் தள்ளினார். சில உள்ளே போயின, சில மறுபடியும் கல்லுக்கே வந்தன. இனி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். தேடி வர ஆளில்லை.